சின்னத் தாத்தா காட்டிய குழி

சின்னத் தாத்தாவால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. சாப்பிடும்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். நடக்கும்போது உதடு அசையும். ஜபம் பண்ணுகிறார் என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் அவர் காலடி எண்ணிக்கொண்டிருந்தார். கிணற்றிலிருந்து மேற்கே எண்பது எட்டு, அங்கிருந்து தெற்கே இருபது எட்டு. எங்கள் கூடம் மொத்தமே பன்னிரண்டு எட்டுதான் என்பதால் அடிக்கடி திரும்ப வேண்டியிருந்தது.

நாங்கள் இருந்தது ரங்கூனில், துறைமுகத்தை ஒட்டிய தெரு ஒன்றில், மூன்றாம் மாடி. ஊருக்கு யாங்கோன் என்று பெயர் மாற்றிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. சின்னத் தாத்தா அப்பாவுக்குச் சித்தப்பா, கல்யாணம் செய்துகொள்ளாதவர். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கோடையில்தான் ஒரு ஜப்பான்காரர் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்.

சண்டையில் செத்த தங்கள் ஆட்களின் எலும்பைத் தேடி எடுத்து ஊருக்குக் கொண்டுபோக ஜப்பானிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. சண்டை முடிந்த பிறகு மாவ்பி விமானத் திடலில் வேலை பார்த்த யாராவது இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர், ஒரு பர்மிய இளைஞர், தேநீர்க்கடை தேநீர்க்கடையாக விசாரித்து வந்தார். எங்கள் தெருமுனைக் கடையில் சின்னத் தாத்தா கையைத் தூக்கிவிட்டார்.

அந்தத் திடலில் அவர் இரண்டு முறை வேலை பார்த்திருக்கிறார். முதல்முறை ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில். தெருவில் போன தமிழ்ப் பையன்களை லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனபோது அவரும் அவருடைய தம்பியும் ஒரே லாரியில் போனார்கள். மண் சுமந்தார்கள். காலரா வந்தது. தம்பி செத்தபோது வயது பதினேழு. எரிக்க விடவில்லை, செத்த ஏழு பேரையும் ஒரே குழியில் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டி மூடச் சொன்னார்கள். மூடியவர்களில் சின்னத் தாத்தாவும் ஒருவர். தம்பியின் காலைப் பிடித்து இறக்கியது அவர்தான். எனக்கு முறைப்படி அந்தத் தம்பியும் தாத்தா. பதினேழு வயதில் ஒருவர் எப்படித் தாத்தாவாக இருக்க முடியும் என்பதுதான் இதில் எனக்கு இருந்த ஒரே கவலை.

இரண்டாம் முறை வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு. இப்போது தோற்றுப்போன ஜப்பான் சிப்பாய்கள் கைதிகள். அவர்களை ஊருக்கு அனுப்பாமல் அதே திடலைச் செப்பனிட வைத்தான் வெள்ளைக்காரன். அவர்களை மேய்க்க ஆள் வேண்டும். கொஞ்சம் இங்கிலீஷும், வேலையை விரட்டும் ஜப்பான் வார்த்தைகள் நாலும் தெரிந்த சின்னத் தாத்தாவுக்குக் காக்கி அரைக்கால்சட்டையும் ஒரு கழியும் கொடுத்து மேஸ்திரி ஆக்கினான். அவர் மண் சுமந்த அதே கூடைகளை அவர்கள் தலையில் ஏற்றினார். அவர் காதில் விழுந்த அதே வார்த்தைகளை அவர்கள் காதில் போட்டார்.

வந்த ஜப்பான்காரர் அந்தக் கைதிகளில் ஒருவர். மெலிந்த ஆள், வெள்ளைத் தொப்பி, காதில் கருவி. சின்னத் தாத்தா பனியனோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் ஜப்பான்காரர் வாசற்படியிலேயே குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றுவிட்டார். சின்னத் தாத்தாவுக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் விருந்தாளியிடம் சொல்லும்படியாக ஒரு வார்த்தையும் கிடையாது. கடைசியில் அம்மாதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டின்பால் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டே அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதைப் பர்மியில் சொன்னார்: இந்த மேஸ்திரி என்னை இரண்டு முறை கழியால் அடித்திருக்கிறார்.

சின்னத் தாத்தா பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு தடவ," என்றார்.

அது மொழிபெயர்க்கப்பட்டதும் ஜப்பான்காரர் தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய சிநேகிதன், ஒரே ஊர்க்காரன், கைதியாக இருந்தபோது மாவ்பியில் காய்ச்சலில் செத்துப்போனான். அந்தச் சமயம் இவர் மிங்கலாடோன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது புதைத்தாகிவிட்டது. எங்கே என்று தெரியாது. சிநேகிதனின் அக்கா இன்னும் இருக்கிறாளாம். ஒவ்வொரு வருஷமும் இவரிடம் கேட்கிறாளாம். திடல் இப்போது பட்டாளத்தின் கையில். ஆறு வருஷம் அலைந்து ஒரே ஒரு நாளைக்கு, ஒரே ஓர் இடத்தில் தோண்ட அனுமதி வாங்கியிருக்கிறார்கள். மேஸ்திரிக்கு இடம் தெரியுமா?

"தெரியும்," என்றார் சின்னத் தாத்தா. அவருடைய முழங்கால் நின்றுவிட்டது. அது நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் அப்பாவுக்கும் அவருக்கும் வாக்குவாதம். நான் பாடப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒன்று விடாமல் கேட்டேன். சின்னத் தாத்தா காட்டப்போவது ஜப்பான் கைதிகளின் குழியை அல்ல. தம்பி கிடக்கும் குழியை.

"சித்தப்பா, இது வெளையாட்டு இல்ல. பட்டாளத்து எடம். தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? குழி இருக்குன்னேன். இருக்கு. யாரு குழின்னு அவங்க கேக்கல."

"அவங்க ஆளும் அங்கதான கெடக்கான்? அவன் அக்கா இருக்குன்னு சொன்னாருல்ல?"

"கெடக்கட்டும். இத்தன வருசம் எந்தம்பி கெடக்கலையா?"

அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் தடுக்காததற்குக் காரணம் இருந்தது. செத்துப்போன எவருடைய உடம்பையும் எங்கள் வீட்டில் மண்ணில் புதைத்து விட்டதில்லை. எரித்து, மறுநாள் சாம்பலுக்குப் பால் தெளித்துச் சூட்டைத் தணித்து, எலும்பு பொறுக்கி ஆற்றில் விட வேண்டும். காடாத்து என்போம். அது நடக்காதவனுக்கு அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விட மாட்டேன் என்று சின்னத் தாத்தா பிடிவாதமாக இருந்தார். தன் அப்பாவுக்கு விடுவார், அம்மாவுக்கு விடுவார். தம்பி பெயர் வரும் இடத்தில் எழுந்து போய்விடுவார். பட்டாளத்துக்கு இரண்டு முறை மனு எழுதிப் பார்த்தார், பதில் இல்லை. ஒருமுறை வேலியோரம் காலடி எண்ணி நடந்ததற்கு நாள் முழுக்க வெயிலில் உட்கார வைத்து அனுப்பினார்கள். இப்போது கடப்பாரையும் அனுமதிக் காகிதமும் தானாக வந்து படி ஏறியிருக்கின்றன. தோண்டுவது அவர்கள், எரிப்பது அவர்கள். ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தால் போதும் என்பதுதான் அவர் கணக்கு.

அதற்குத்தான் நான். மூன்றடுக்கு டிபன் கேரியரில் அடியில் புளிச்சோறு. நடு அடுக்கில் மஞ்சள் நனைத்த புதுத் துணி, வேறொன்றுமில்லை. மேல் அடுக்கில் காய்ச்சாத பசும்பால். சிப்பாய்கள் பெரியவர்களின் பையைக் கிளறுவார்கள், சின்னப் பெண்ணின் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். நினைத்தது சரியாகவே இருந்தது. வாயிலில் நின்ற சிப்பாய் பர்மியப் பெண்களைப் போல நான் கன்னத்தில் பூசியிருந்த தனக்காச் சாந்தைப் பார்த்துச் சிரித்து உள்ளே விட்டான். பாலைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று மட்டும் சின்னத் தாத்தா சொல்லியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

மாவ்பியில் அன்று அடித்த வெயில் மண்டையைப் பிளந்தது. புல் காய்ந்து சருகாகிக் கிடந்தது. ஒரு பட்டாள அதிகாரி குடைக்கடியில் நாற்காலி போட்டு அமர்ந்தார். குழுவில் ஜப்பான்காரர்கள் ஐந்து பேர். எங்கள் வீட்டுக்கு வந்தவர் தவிர மற்றவர்கள் இளையவர்கள், கையில் காகித அட்டை வைத்திருந்தார்கள். உள்ளூர்க் கூலியாட்கள் எட்டுப் பேர். சின்னத் தாத்தா இடிந்துபோன கிணற்றுக் கட்டில் முதுகைச் சாய்த்து நின்றார், கண்ணை மூடினார், நடந்தார். கூடத்தில் திரும்பித் திரும்பி நடந்தவருக்கு அன்றுதான் எண்பது எட்டும் ஒரே நேராகக் கிடைத்தது. தெற்கே திரும்பி இருபது எட்டு வைத்து, நின்ற இடத்தில் செருப்பைக் கழற்றினார்.

தோண்டத் தொடங்கினார்கள். அவரால் நிற்க முடியவில்லை. குழியைச் சுற்றி வந்தார், குந்தினார், எழுந்தார், அதிகாரியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். நாலு மணிக்கு எல்லோரும் வெளியே போயாக வேண்டும். கூலியாட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாக வெட்டினார்கள். வயசான ஜப்பான்காரர் தானும் குழிக்குள் இறங்கிச் சின்னக் கரண்டியால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். சின்னத் தாத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. தன்னை மறந்து கத்தினார்.

"ஹயாக்கு! ஹயாக்கு!"

சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். கூலியாட்களுக்கு அது புரியவில்லை. ஆனால் குழிக்குள் அந்தக் கிழவரின் முதுகு சடாரென்று வளைந்தது. கை வேகமாக மண்ணைத் தள்ளத் தொடங்கியது. இரண்டு மூன்று தள்ளுக்குப் பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். சின்னத் தாத்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இரண்டு பேர் முகத்திலும் அடிபட்ட பையன்களின் முகம் தெரிந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எனக்குத் தாகம். ஜப்பான்காரர்கள் கொடுத்த உப்புப் பிஸ்கட்டை வேறு தின்றுவிட்டிருந்தேன். தண்ணீர் டிரம் அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அங்கே போகப் பயம். ஒரு வாய்தான் என்று மேல் அடுக்கைத் திறந்தேன். இரண்டாவது வாய்க்குப் பிறகு குறைந்தது தெரியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றாததால் மிச்சத்தையும் குடித்தேன். அந்த வெயிலில் அது எப்படியும் திரிந்துதான் போயிருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லி வருகிறேன்.

பயத்தில் சின்னத் தாத்தாவின் கண்ணில் படாமல் இருக்க, மண் சலிக்கும் இடத்துக்குப் போய் ஒளிந்தேன். அதனால்தான் அதை நான் பார்த்தேன். எலும்புகள் வந்துகொண்டிருந்தன, இளைஞர்கள் அவற்றைத் துடைத்து வெள்ளைத் துணியில் அடுக்கினார்கள். சல்லடையில் பச்சையேறிய சின்னச் செம்புக் குழல் ஒன்று உருண்டது. தாயத்து. வயசான ஜப்பான்காரர் அதை எடுத்து விரலால் தேய்த்தார். பிறகு சின்னத் தாத்தாவின் கையைப் பார்த்தார். சட்டைக்கை மடித்துவிட்டிருந்த அந்த மேல்கையில் அதே குழல், அதே அளவு, கறுப்புக் கயிற்றில். அண்ணன் தம்பி இருவருக்கும் அவர்கள் அம்மா ஒரே நாளில் கட்டியது.

ஜப்பான்காரர் இரண்டு குழல்களையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டை வைத்திருந்த இளைஞன் அருகில் வந்து ஏதோ கேட்டான். ஒரு வார்த்தை போதும், எல்லாம் நின்றிருக்கும். அதிகாரி எழுந்து வந்திருப்பார்; அப்பாவுக்கு வேலை போயிருக்கும்; சின்னத் தாத்தா எங்கே போயிருப்பாரோ தெரியாது. சின்னத் தாத்தாவும் பார்த்துவிட்டார். அவர் நிறமே மாறிவிட்டது. ஜப்பான்காரர் கையை மூடிக்கொண்டு இளைஞனிடம் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்பதுபோல. பிறகு மறுபடியும் மண்டியிட்டு, தாயத்தோடு வந்த எலும்புகளைத் தனியாகவும் மீதியைச் சேர்த்தும், ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே துடைத்து அடுக்கினார். அவசரப்படவில்லை. தன் ஆளைத் துடைப்பதுபோலவே துடைத்தார்.

விறகடுக்கி எரித்தார்கள். மூன்று மணி வாக்கில் தீ தணிந்தது. அவர்கள் ஊர் வழக்கம், நீளக் குச்சிகளால் இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பைப் பிடித்துப் பெட்டிக்குள் வைப்பது. உறவுக்காரர்கள்தான் அப்படி ஜோடி சேர்வார்களாம். கிழவர் ஒரு ஜோடிக் குச்சியைச் சின்னத் தாத்தாவிடம் நீட்டினார். அதிகாரி கேட்டதற்கு மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பதில் சொன்னார்: இவர்களைப் புதைத்தவர் இந்தப் பெரியவர்தான்; அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பது எங்கள் முறை. அப்படி ஒரு முறை அவர்களிடம் இருக்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது. இல்லையென்றே நினைக்கிறேன்.

சின்னத் தாத்தாவுக்குக் குச்சி பிடிக்க வரவில்லை. தனியாக அடுக்கி எரித்ததிலிருந்து எடுத்த எலும்பு இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை இருவருமாகத் தூக்கி, என் டிபன் கேரியரின் நடு அடுக்கில், மஞ்சள் துணிமேல் வைத்தார்கள். திருட வந்ததை எல்லோர் முன்னாலும் கையில் கொடுத்தாகிவிட்டது. அவர் "பால்" என்று என்னிடம் கையை நீட்டினார்.

நான் மேல் அடுக்கைக் கொடுத்தேன். திறந்தார். உள்ளே பார்த்தார். என் மேலுதட்டைப் பார்த்தார்.

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. திறந்து பார்த்தபோது அவர் வெறும் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக. பெரியவர்கள் அப்படி அழுது நான் கண்டதில்லை. வெட்கத்தில் எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

கிழவர் மொழிபெயர்ப்பாளரிடம் விசாரித்தார். பிறகு தன் பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்தார். அரிசிச் சாராயம், ஊரில் சிநேகிதனின் அக்கா கொடுத்துவிட்டது, தன் தம்பியின் எலும்பு கிடைத்தால் ஊற்றச் சொல்லி. அதன் மூடியைத் திருகிச் சின்னத் தாத்தாவிடம் கொடுத்தார்.

கள்ளுக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்காத மனிதர் சின்னத் தாத்தா. வாங்கினார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து வழிய, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தம்பியின் எலும்பின்மேல் ஊற்றினார். "குடிச்சிக்கடா," என்றார், உயிரோடு இருக்கிற ஒருவனிடம் சொல்வதுபோல. மீதி ஆறு பேரின் சாம்பலும் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிகளில் ஜப்பானுக்குப் போவதற்காக வண்டியில் ஏறியது. ரங்கூன் தெருக்களில் பிடித்துக்கொண்டு போன அந்தப் பையன்களுக்கு அங்கே கோயிலில் மணி அடித்துப் பூஜை நடந்திருக்கும். அவர்கள் வீட்டாருக்கு இது தெரியாது.

நாலு மணிக்கு வண்டி கிளம்பியது. கிழவர் முன்னிருக்கையில், நாங்கள் பின்னால். மண்பாதையில் ஊர்ந்து வாயிலை நெருங்கும்போது அவர் திரும்பிச் சின்னத் தாத்தாவைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். சின்னத் தாத்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கைவிரல்களைக் கோத்தார், பிரித்தார், வேட்டியைச் சரிசெய்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கி வெளியே ஓர் இடத்தில் தரையைக் காட்டினார். கொட்டடிக்குப் பக்கத்தில் தரையைச் சமப்படுத்திய ஒரு வட்டத்தில் நாலைந்து சிப்பாய்கள் லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு பிரம்புப் பந்தைக் காலால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கிழவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். தொப்பியைக் கழற்றி, குதிகால்களைச் சேர்த்து, அந்தச் சிப்பாய்களுக்கு நேராக இடுப்பு மடியக் குனிந்தார். நிமிரவேயில்லை. சிப்பாய்களின் பந்து கீழே விழுந்தது. ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குறும்புக்காரன் அவரைப் போலவே குனிந்து பதில் மரியாதை செய்தான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓட்டுநர் சிரித்தார். மொழிபெயர்ப்பாளரும் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பந்து விளையாடுகிற பயல்களுக்கு இவ்வளவு பெரிய கும்பிடு எதற்கு என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தப் பக்கம் விரலைக் காட்டி நானும் சிரித்தேன். சின்னத் தாத்தா என் விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினார்.